ஒன்பது பேர் சிரித்த தட்டு

சான் ஹோசே, கோஸ்டா ரிக்கா
ஆகஸ்ட் 3, 1997

அடிலியா,

கையெழுத்தைப் பாத்ததும் கிழிச்சிடாத. ஒரு நிமிஷம். முதல்ல இதைக் கொண்டு வந்த தோன்யா நின்ஃபாவை உக்கார வச்சு ஒரு காபி கொடு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வலையூஞ்சல் மூட்டையோட இங்க வந்து வித்துட்டுப் போறாங்க. நம்ம ஊர்க்காரங்க லெட்டரையெல்லாம் அவங்கதான் தூக்கிட்டு அலையறாங்க. பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடலாம்தான். ஆனா அந்தம்மா ரிசீவரை உன் கையில கொடுத்துட்டு நகரவே நகராது, உனக்கே தெரியும்.

நான் நல்லா இருக்கேன். நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். இங்க எனக்கு சென்ட்ரிங் வேலை. நாற்காலிக்கு இழைச்சு இழைச்சுப் பழகின கை, இப்ப கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்குது. நம்ம மசாதேப்பேல எல்லாரும் "எவெனோர் செஞ்ச ஆடும் நாற்காலி"ன்னு சொல்லுவாங்க. இங்க நான் அடிக்கற பலகையை மறுநாளே பிச்சுத் தூக்கிப் போட்டுடறாங்க. சைட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகைல தங்கியிருக்கேன். கூட ஃபிதென்சியோன்னு ஒருத்தன், நம்ம நாட்டு சினாந்தேகா ஊர்க்காரன். நல்லவன், குறட்டைதான் ஜாஸ்தி.

எழுத வந்த விஷயம் இது. எங்க மேஸ்திரி பேரு வால்ட்டர், டிக்கோ, அதான் கோஸ்டா ரிக்காக்காரன். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துல எல்லார் முன்னாலயும், நிக்கராகுவாக்காரங்க எங்களைப் பாத்துக் கேட்டான். "ஏம்ப்பா நிக்காக்களா, உங்க நாட்டுல சாப்பாடுன்னு என்னப்பா இருக்கு? பீன்ஸும் கஷ்டமும்தானே?" டிக்கோ பசங்க எல்லாம் சிரிச்சானுங்க. எனக்கு எங்கேருந்து கோவம் வந்துச்சோ, எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன். "செப்டம்பர் பதினஞ்சு சுதந்திர தினத்தன்னிக்கு நாங்க எங்க ஊர் நொறுக்குப் பலகாரம், போகாஸ் போடறோம். தின்னுட்டு அப்புறம் பேசு. எங்க வீட்டு போகாஸ்க்கு ஊர்ல வரிசையா நிப்பாங்க."

சொல்லிட்டேன். இப்ப செய்யணும். நீ செய்வியே, வாழைக்காயை நசுக்கிப் பொரிக்கறது, தொஸ்தோன், அதை எப்படிச் செய்யணும்? அப்புறம் அந்த வறுத்த சீஸ். எழுதி அனுப்பு.

அன்னைக்கு நடந்ததை விடு.

எவெனோர்


மசாதேப்பே
ஆகஸ்ட் 15, 1997

திரு. எவெனோர் புட்டோய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நின்ஃபா இரண்டு கப் காபி குடித்தார்.

அன்னைக்கு நடந்ததை விடச் சொல்கிறீர்கள். எதை விட வேண்டும் என்று தெரிந்தால்தானே விட முடியும்? நானே எழுதிவிடுகிறேன்.

மே மாதம் இருபத்தைந்தாம் தேதி, நம் ஊர்த் திருவிழா ஞாயிறு. காலையிலிருந்து கோயில் சமையலில் நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தேன். நீங்கள் முன்னறிவிப்பு இல்லாமல் ஒன்பது பேரைக் கூட்டி வந்தீர்கள். "அடிலியா, போகாஸ்!" என்று உங்கள் தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு குரல். நான் மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றேன். கடைசித் தட்டைக் கொண்டு வந்து வைத்தபோது உங்கள் கூட்டாளி பயார்தோ கேட்டார், "அடிலியா, இது எப்படிம்மா இவ்வளவு மொறுமொறுன்னு வருது?" நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் பதில் சொன்னீர்கள். "இதுல என்னடா இருக்கு? எண்ணெய் காஞ்சா வாழைக்காய் தானா வேகும். பொம்பளைங்க பொழுது போகாம செய்யற வேலை."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

அதற்குப் பிறகு நான் உங்களுக்காக அடுப்பு பற்றவைக்கவில்லை. நீங்களும் மூன்று வாரம் வெளியில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு கோஸ்டா ரிக்கா போய்விட்டீர்கள். பத்தொன்பது வருடம் இந்த வீட்டில் இருந்தும் உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது என்று தெரியாமல்தான் போனீர்கள்.

தொஸ்தோன் செய்முறை கேட்டிருந்தீர்கள். எண்ணெயைக் காயவைக்கவும். வாழைக்காய் தானாக வேகும். இதற்கு மேல் எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அடிலியா நியுரிந்தா


சான் ஹோசே
ஆகஸ்ட் 24

அடிலியா,

தானா வேகல.

மொதல்லேருந்து சொல்றேன், சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை லீவு. சந்தைக்குப் போய் ஆறு வாழைக்காய் வாங்கினேன். தோலை உரிக்கப் பாத்தா உரிய மாட்டேங்குது. உளியை வச்சு உரிச்சேன். பால் வடிஞ்சு கை ரெண்டும் கறுப்பாயிடுச்சு. சட்டையில பட்டு, அதுவும் போச்சு. திங்கக்கிழமை வால்ட்டர் பாத்துட்டு, "என்ன நிக்கா, இஞ்சின் ஆயில் மாத்தினியா?"ன்னான்.

அப்புறம் துண்டு போட்டு, பச்சையாவே கொட்டாப்புளியால ஒரு தட்டு தட்டினேன். தூள் தூளா உதிர்ந்துச்சு. உதிராததை எண்ணெய்ல போட்டேன். எண்ணெய் புகைஞ்சுச்சு, நான் இருமினேன், கொட்டகை முழுக்கப் புகை. பக்கத்துக் கொட்டகைக்காரன் வாளியோட ஓடி வந்தான். வெளிய கரி, உள்ள பச்சை. ஃபிதென்சியோ நல்ல மனசோட ஒண்ணைக் கடிச்சான். ரெண்டு தடவை மென்னு பாத்தான். அப்புறம் வாயிலேருந்து எடுத்துப் பாத்துட்டு, "எவெனோர், இது ப்ளைவுட்டா, கட்டையா?"ன்னான்.

நான் கீழ உக்காந்துட்டேன். கை எரியுது, சட்டை போச்சு, எதிர்ல கறுப்புத் துண்டுங்க. அப்பத்தான் நெனைச்சேன். பத்தொம்பது வருஷமா என் முன்னால தட்டு வந்துகிட்டே இருந்துச்சு. ஒரு நாள்கூட ஒண்ணாவது கருகி வந்ததில்ல. எப்படி வருதுன்னு நான் ஒரு நாளும் எட்டிப் பாக்கல.

நான் சொன்னது தப்பு அடிலியா. ஃபிதென்சியோ சாட்சியா சொல்றேன், அவன் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். தப்பு.

இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. எனக்காக வேண்டாம். வால்ட்டர் சிரிக்கறானே, அதுக்காகவாவது எழுது.

எவெனோர்


மசாதேப்பே
செப்டம்பர் 5

எவெனோர் அவர்களுக்கு,

சிரித்தவர்கள் ஒன்பது பேர். நீங்கள் தப்பு என்று சொன்னபோது உடன் இருந்தது ஒரே ஒரு ஆள், அதுவும் குறட்டைக்காரர். கணக்கு இடித்தது. ஆகவே போன ஞாயிறு மாலை உங்கள் கடிதத்தை அந்த ஒன்பது பேருக்கும் நானே உரக்க வாசித்துக் காட்டினேன். "ப்ளைவுட்டா, கட்டையா" என்ற இடத்தில் பயார்தோவுக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அவர்கள் எப்படி என்னிடம் வந்தார்கள், எங்கே வாசித்தேன் என்று இப்போது கேட்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வாழைக்காய் பச்சையாக இருக்க வேண்டும். பச்சை என்றால் பச்சை. "லேசா மஞ்சள் அடிச்சிருக்கு, பரவாயில்ல" என்று கடைக்காரி சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். இரண்டு முனையையும் வெட்டி, முதுகில் நீளமாக மூன்று கீறல் போட்டு, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கிடக்கட்டும். தோல் விட்டுக்கொடுக்கும், கையும் கறுக்காது. உளியை உளி வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு போடு. எண்ணெய் முதலில் மிதமாகத்தான் காய வேண்டும். துண்டு உள்ளே போனதும் முணுமுணுக்க வேண்டும், கத்தக் கூடாது. வெளிர் மஞ்சள் வந்ததும் எடுத்து, சூடு ஆறுவதற்குள் நசுக்கு. பச்சையாக நசுக்கினால் உதிரும், ஆறவிட்டு நசுக்கினால் ஓரம் வெடிக்கும். அடிக்காதே, அழுத்து. பூண்டு தட்டிப் போட்ட உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு, உடனே துணியில் ஒற்றி எடு. மறுபடி எண்ணெய். இந்தத் தடவை நன்றாகக் காய்ந்திருக்கட்டும், இப்போது கத்தட்டும். ஓரம் சிவந்ததும் எடுக்கத் தோன்றும். இருபது எண்ணிவிட்டு எடு. இரண்டு முறை பொரிப்பதுதான் ரகசியம். முதல் முறை உள்ளுக்கு, இரண்டாம் முறை வெளிக்கு.

அங்கே கிடைக்கிற சீஸ் சட்டியில் போட்டதும் உருகி ஓடிவிடும் என்று நின்ஃபா சொல்கிறார். நம் ஊர்க் கெட்டிச் சீஸ் ஒரு பெரிய கட்டி அவரிடம் கொடுத்திருக்கிறேன். விரல் தடிமனுக்கு வெட்டி, ஒரு பக்கம் பொன்னிறமாகும்வரை கரண்டியால் தொடாமல் இரு. உன்னால் சும்மா இருக்க முடியாது, தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொள்.

சீஸ் உனக்காக அனுப்பவில்லை. ஊர்ப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றுதான்.

அடிலியா

எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் பாதியில் "நீ" என்று மாறியிருக்கிறேன். திருத்த நேரமில்லை, நின்ஃபா வாசலில் நிற்கிறார்.


சான் ஹோசே
செப்டம்பர் 17

என் அடிலியா,

ஜெயிச்சுட்டோம்!

எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல. நசுக்கறதுக்குன்னு ஒரு கருவி செஞ்சேன். ரெண்டு தேவதாரு பலகை, நடுவுல கீல், ஒரு பலகையில கால் அங்குலம் பள்ளம் தோண்டி வழுவழுன்னு தேச்சேன். துண்டை வச்சு மூடி ஒரு அழுத்து. அத்தனையும் ஒரே தடிமன், ஒரே வட்டம். முதல்ல ஒட்டிக்கிச்சு, வாழையிலைத் துண்டை ரெண்டு பக்கமும் வச்சதும் சரியாயிடுச்சு. அது நானே கண்டுபிடிச்சது. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பழகிப் பாத்தேன். ஃபிதென்சியோ மொத்தம் அறுபது தின்னான், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு படுத்துட்டான்.

பதினஞ்சாம் தேதி சைட்டுக்குள்ளயே ரெண்டு அடுப்பு போட்டோம். டிக்கோ பசங்க பிளாஸ்டிக் பையில சிப்ஸ் வாங்கிட்டு வந்திருந்தானுங்க. நான் எண்ணெயைக் காய வச்சேன். முணுமுணுத்துச்சு, எடுத்தேன், அழுத்தினேன், மறுபடி போட்டேன், கத்துச்சு. இருபது எண்ணினேன். வாய்விட்டே எண்ணினேன், பதினஞ்சுலேருந்து பசங்களும் சேந்து எண்ணினானுங்க. மேல வறுத்த சீஸ் ஒரு துண்டு, பக்கத்துல மசிச்ச பீன்ஸ்.

வால்ட்டர் ஒண்ணு எடுத்தான். கடிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு அடிலியா. உடனே இன்னொண்ணு எடுத்தான். பதினொண்ணு தின்னான், நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். "எந்த ஊர்டா இது?"ன்னான். "மசாதேப்பே"ன்னேன். "யாரு சொல்லிக் கொடுத்தது?"ன்னான். "எம் பொண்டாட்டி அடிலியா, லெட்டர்ல சொல்லிக் கொடுத்தா"ன்னேன். மூணு தடவை சத்தமா சொன்னேன். அப்புறம் அவன் பீன்ஸையும் கஷ்டத்தையும் பத்திப் பேசவே இல்ல.

இன்னும் பெரிய சேதி. எங்க இன்ஜினியரோட சம்சாரம், பேரு ஃப்ளோரி, எல்லாரும் மரியாதையா தோன்யா ஃப்ளோரிம்பாங்க, அன்னைக்குக் கார்ல வந்திருந்தாங்க. ஒண்ணு தின்னுட்டு அசந்துட்டாங்க. நவம்பர்ல அவங்க வீட்டுல நூறு பேருக்கு விருந்தாம். அதுக்கப்புறமும் வீட்டோட தங்கி சமைக்க ஆள் வேணுமாம். நான் உடனே சொல்லிட்டேன். எம் பொண்டாட்டி வருவா, நவம்பர் ஒண்ணாந்தேதி இங்க இருப்பான்னு வாக்குக் கொடுத்துட்டேன். வீட்டுக்குப் பின்னால தனி ரூம், ஜன்னலே இருக்கு! நாம ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருக்கலாம். வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பி வா.

அந்த ஒம்போது பேரும் ஏன் உங்கிட்ட வந்தானுங்க?

உன் எவெனோர்


மசாதேப்பே
செப்டம்பர் 28

திரு. எவெனோர் புட்டோய் அவர்களுக்கு,

வால்ட்டர் பதினொன்று சாப்பிட்டதை வாசித்தபோது இரண்டு தரம் எழுந்து நடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுத்த பத்திக்கு வந்தபோது உட்கார்ந்துவிட்டேன்.

யார் வருவதாக யார் வாக்குக் கொடுத்தது? மே மாதம் என் கை வேலையை ஒன்றுமில்லை என்றீர்கள். செப்டம்பரில் அதே கையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓர் அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஃபிதென்சியோவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் தூங்காமல் இருந்தால் சொல்வார்.

ஒன்பது பேரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போன அடுத்த வாரம் பயார்தோ உங்கள் ரம்பத்தை இரவல் கேட்டு வந்தார். நான் எனக்காக ரெப்போச்சேத்தா சுட்டுக்கொண்டிருந்தேன். சோள ரொட்டியை மடித்து பீன்ஸும் சீஸும் வைத்துப் பொரிப்பேனே, அதுதான். வாசனையில் அவர் ரம்பத்தை மறந்துவிட்டார். சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, "அடிலியா, நான் என்ன தரணும்?" என்று கேட்டார். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கேள்வி என் காதில் விழுந்ததே இல்லை. அடுத்த ஞாயிறு இரண்டு பேரோடு வந்தார். அதற்கடுத்த ஞாயிறு எல்லாரும்.

உங்கள் பட்டறையில் மரத்தூளைக் கூட்டித் தள்ளினேன். உங்கள் வேலைப் பலகையில் மெழுகுத்துணி விரித்தேன். ஞாயிறும் வியாழனும் மாலை ஐந்து மணிக்குத் திறக்கிறேன். இப்போது அவர்கள் மனைவிகளையும் அழைத்து வருகிறார்கள். மனைவிகள் உட்காருகிறார்கள், ஆண்கள் தட்டு எடுத்துவருகிறார்கள். அது என் சட்டம். வாசலில் பலகை மாட்டியிருக்கிறேன்: "அடிலியாவின் மேசை". எழுத்து நானே எழுதியது. ஓர் எழுத்து கோணல். யாரும் குறை சொல்லவில்லை.

ஜன்னல் வைத்த பின்கட்டு ரூமுக்கு நான் வரமாட்டேன். என் வீட்டுக்குத் தெருவைப் பார்த்த கதவே இருக்கிறது.

அடிலியா நியுரிந்தா


சான் ஹோசே
அக்டோபர் 9

என் பட்டறையில! என் வேலைப் பலகையில எண்ணெய்த் தட்டா!

அந்தப் பலகையை நான் பத்தொம்பது வயசுல செஞ்சேன். கருங்காலிக் கட்டை, நாலு ஆள் சேந்து தூக்கணும். அதுமேல பயார்தோ முழங்கையை ஊனிக்கிட்டு உக்காந்திருக்கானா? நான் திரும்பி வந்தா எங்க நின்னு இழைப்பேன்னு யோசிச்சியா? புருஷன் செத்தா போயிட்டான், பட்டறையைக் காலி பண்ண?

ஃபிதென்சியோகிட்ட கேக்கச் சொன்னியே, கேட்டேன். "உனக்கு வேணும்டா"ன்னான். செவ்வாக்கிழமையிலேருந்து அவன்கிட்ட பேசறதில்ல.

அக்டோபர் 15

தோன்யா நின்ஃபா இந்தத் தடவை மழையில மாட்டிக்கிட்டு ஒரு வாரம் லேட்டு. அதுக்குள்ள என் கோவம் ஆறிப்போச்சு. மேல எழுதினதைக் கிழிச்சுடலாம்னு பாத்தேன். ஆனா அதுவும் நான் எழுதினதுதானே, இருக்கட்டும்.

ஆறு நாள் பலகை அடிச்சுக்கிட்டே யோசிச்சேன். நான் இங்க வந்தப்ப என் கதவை நானே சாத்திட்டு வந்தேன். சாத்தின கதவை நீ திறந்திருக்க. அதுக்கு நான் கத்தறேன்.

நேத்து தோன்யா ஃப்ளோரி வீட்டுக்குப் போனேன். தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். "தோன்யா, மன்னிக்கணும். எம் பொண்டாட்டி வரமாட்டா"ன்னேன்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கா. அவளுக்குச் சொந்தமா மேசை இருக்கு. ஊரே வந்து சாப்பிடுது. நான்தான் அவளைக் கேக்காம வாக்குக் கொடுத்துட்டேன்."

அந்தம்மா மூஞ்சி மாறிடுச்சு. "அப்ப நூறு பேருக்கு யாரு செய்யறது? எல்லாருக்கும் சொல்லிட்டேனே."

வாய் என்னோடதுதானே, மறுபடி திறந்துடுச்சு. "நான் செய்யறேன்"னுட்டேன். ஆனா இந்தத் தடவை என் கையைத்தான் கொடுத்தேன்.

நவம்பர் 22, சனிக்கிழமை. தொஸ்தோன், ரெப்போச்சேத்தா, வறுத்த சீஸ், மரவள்ளியும் பன்னித்தோல் வறுவலும். நூறு பேர். பயமா இருக்கு அடிலியா. மூணாவது மாடி விளிம்புல நடக்கறவன் நான், இதுக்கு ராத்திரி எழுந்து உக்காந்து வாழைக்காய்க் கணக்கு போடறேன்.

எவெனோர்


மசாதேப்பே
அக்டோபர் 27

எவெனோர்,

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான்கு முறை வாசித்தேன். யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

வேலைப் பலகையில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படவில்லை. துணி இரட்டையாக விரித்திருக்கிறேன். ஞாயிறு முடிந்ததும் எடுத்து உலர்த்துகிறேன். நீ போன பிறகு ஆறு நாள் அந்த அறைக்குள் போகவே இல்லை. ஏழாம் நாள் கதவைத் திறந்தேன். நீ யோசித்தாயா என்று கேட்டிருந்தாய். யோசித்தேன்.

எல்லாம் பெருமையாகவே எழுதிவிட்டேன். இதையும் சொல்கிறேன். ஆகஸ்டில் ஒரு வியாழன் ஒருவரும் வரவில்லை. முப்பது ரெப்போச்சேத்தா சுட்டு வைத்துக்கொண்டு ஏழு மணிவரை தெருவைப் பார்த்து நின்றேன். மழைகூட இல்லை. வெறுமே வரவில்லை. கடைசியில் நான் நான்கு சாப்பிட்டு, மீதியைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன். அடுத்த வியாழனும் முப்பது சுட்டேன். பயந்தால் இருபது சுடத் தோன்றும். சுடாதே. நூறு பேர் என்றால் நூற்று இருபதுக்குச் செய்.

வெங்காயமும் மிளகாயும் வினிகரில் பத்து நாள் முன்பே ஊறட்டும். முதல் பொரிப்பும் நசுக்கலும் காலையிலேயே முடித்து, ஈரத்துணி போட்டு வை. இரண்டாம் பொரிப்பு அவர்கள் வந்த பிறகுதான், அவர்கள் கண்ணெதிரில். பொரித்ததை ஒருபோதும் மூடாதே, வேர்த்துத் தொய்ந்துவிடும். ரெப்போச்சேத்தாவில் பீன்ஸ் ஒரு கரண்டிக்கு மேல் வைத்தால் எண்ணெய்க்குள் வாய் பிளக்கும். மரவள்ளி உடையுமளவு வேக வேண்டும், கரையக் கூடாது. மரவள்ளி மேல் தூவ முட்டைக்கோஸை முடி போல நறுக்கு. தச்சன் கை உனக்கு, என்னைவிட மெல்லிசாக உன்னால் முடியும். தக்காளி, புளிப்புக்குப் பிலிம்பிக்காய், உப்பு போட்டுப் பிசறி அரை மணி நேரம் வை. பன்றித்தோல் வறுவலைக் கடையில் வாங்கிவிடு. அது எனக்கே ஏழு வருடம் பிடித்தது.

சீஸ் பத்துக் கட்டி தயார். நின்ஃபா புலம்புவார், புலம்பட்டும். இது உனக்காகத்தான்.

ஃபிதென்சியோவோடு பேசு.

அடிலியா


சான் ஹோசே
நவம்பர் 23

அடிலியா,

நேத்து நடந்ததை ஒண்ணும் விடாம எழுதறேன். கை இன்னும் பூண்டு நாத்தம் அடிக்குது.

ஃபிதென்சியோகிட்ட பேசினேன். அவனும் வந்தான், ஒரு டிக்கோப் பையன் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு. சாயங்காலம் நாலு மணிக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. தோட்டத்துல அடுப்பு. ரெண்டாம் பொரிப்பு ஆரம்பிச்சு முப்பது தட்டுகூடப் போகல, கேஸ் தீந்துபோச்சு. மாத்து சிலிண்டர் காலி! தோன்யா ஃப்ளோரி வாயில கை வச்சுக்கிட்டாங்க. நான் ஃபிதென்சியோவைப் பாத்தேன், அவன் என்னைப் பாத்தான். வீட்டுக்குப் பின்னால ஒரு பழைய கட்டில் மக்கிப்போய்க் கிடந்துச்சு. "தோன்யா, அது வேணுமா?"ன்னேன். "வேண்டாம்"னாங்க. அஞ்சு நிமிஷத்துல பிரிச்சு விறகாக்கிட்டோம். மூணு கல்லைக் கூட்டி, தீயை மூட்டி, சட்டியை ஏத்தினேன். விறகுத் தீயில எண்ணெய் நல்லாவே கத்துச்சு. வந்தவங்க எல்லாம் கிளாஸோட அடுப்பைச் சுத்தி நின்னுட்டாங்க. உள்ள நாற்காலி எல்லாம் காலி!

அப்பத்தான் அது நடந்துச்சு. ஒரு அம்மா தோன்யா ஃப்ளோரிகிட்ட கேட்டாங்க, "இது எந்த ஊர் பதார்த்தம்?" தோன்யா ஃப்ளோரி சிரிச்சுக்கிட்டே, "நம்ம குவானகாஸ்தே பக்கத்துதுதான், பழைய டிக்கோ சமையல்"னாங்க.

கரண்டி என் கையில அப்படியே நின்னுச்சு. வேலை போயிடும்னு தெரியும். ஆனா நீ கோணல் எழுத்துல பேரெழுதி வாசல்ல மாட்டியிருக்க. நான் இங்க பேசாம நின்னா?

ஏப்ரனைத் துடைச்சுக்கிட்டு முன்னால வந்தேன். "மன்னிக்கணும் தோன்யா. இது குவானகாஸ்தே இல்ல. நிக்கராகுவா, மசாதேப்பே. செய்முறை எம் பொண்டாட்டி அடிலியா நியுரிந்தாவோடது. சீஸும் அவ அனுப்பினது"ன்னேன்.

எண்ணெய் மட்டும்தான் கத்திக்கிட்டிருந்துச்சு. தோன்யா ஃப்ளோரி மூஞ்சி சிவந்துடுச்சு.

அப்ப பின்னாலேருந்து ஒரு பெரியவர் வந்தாரு. வெள்ளை சூட், வைர மோதிரம். எல்லாரும் அவருக்கு வழி விட்டாங்க, பெரிய வக்கீலாம். என் முன்னால நின்னு இன்னொரு தொஸ்தோன் எடுத்தாரு. மெதுவா தின்னாரு. திரும்பி எல்லாரையும் பாத்துச் சொன்னாரு. "எங்கம்மா ரிவாஸ்காரி. நிக்கா. இந்த ஊர்ல நாப்பது வருஷமா நான் யார்கிட்டயும் சொன்னதில்ல." அப்புறம் எங்கிட்ட, "இன்னும் ரெண்டு போடு, தம்பி. உப்பு கொஞ்சம் தூக்கலா"ன்னாரு.

ஃபிதென்சியோ அழுதுட்டான். வெங்காயம்னு சொன்னான், பக்கத்துல வெங்காயமே இல்ல.

கடைசில தோன்யா ஃப்ளோரியே வந்தாங்க. "எவெனோர், நான் சொன்னது சரியில்ல"ன்னாங்க. இங்கயே சமையலுக்கு இருன்னாங்க. "நன்றி தோன்யா, நான் ஊருக்குப் போறேன்"னுட்டேன். கட்டட வேலையும் இந்த மாசத்தோட முடியுது.

டிசம்பர் நாலு, வியாழக்கிழமை பஸ். ஏழாம் தேதி மாதா திருநாளுக்கு ஊர்ல இருப்பேன். பட்டறையைத் திருப்பிக் கேக்க வரல. கொல்லையில நாலு தகரம் போட்டு இழைச்சுக்கறேன். உன் மேசைக்கு நாற்காலி பத்துமா? ஸ்டூல்ல உக்காத்தி வச்சிருப்ப, எனக்குத் தெரியும். நான் செஞ்சு தரேன்.

இந்தத் தடவை கேட்டுட்டு வரேன். வரலாமா?

எவெனோர்


மசாதேப்பே
நவம்பர் 30

எவெனோர்,

வா.

பஸ் நான்கு மணிக்கு வந்துவிடும். பயார்தோ வீட்டில் இறங்கி, என் கோபம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வர வேண்டாம். நேராக வா. ஸ்டூல் பன்னிரண்டு இருக்கிறது, பாதி ஆடுகிறது. கொல்லையில் தகரம் போட்டாயிற்று, இரண்டு நாளாக நானும் பக்கத்து வீட்டம்மாவும் ஏணி பிடித்துக்கொண்டு. ஒரு மூலை ஒழுகும், நீ பார்த்துக்கொள்.

வக்கீலின் அம்மா விஷயத்தை போன வியாழன் எல்லாருக்கும் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பயார்தோவின் மனைவி மறுபடி ஒரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். என் பெயர் வருகிற இடத்தில் நிறுத்திக் கடிதத்தை அவளிடம் நீட்டினேன், அவளே வாங்கி வாசித்தாள்.

வியாழன் ஐந்து மணிக்குத் திறப்பேன். கை கழுவிக்கொண்டு உள்ளே வா. இரண்டு அடுப்பு வைத்திருக்கிறேன். வலது பக்கத்து அடுப்பு உன்னுடையது. தொஸ்தோன் மட்டும். என் பன்றித்தோல் வறுவல் பக்கம் வராதே.

அன்றைக்குத் தொஸ்தோன் யார் போடப்போகிறார் என்று அந்த ஒன்பது பேரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாரும் வருகிறார்கள், கூட இன்னும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு. சிரிப்பதற்கென்றே வருகிறார்கள். முதல் தட்டு வரும்வரை சிரிக்கட்டும்.

உன் அடிலியா